பனியில் விழுந்தவர்களும் முருகேசனின் கையும்

1

போன வெள்ளிக்கிழமை எனக்காக அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் நீல நிற கிரீமில் ‘ஜே, போய் வா’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் பெயர் ஜெயசீலி. அமெரிக்காவுக்கு வந்த இத்தனை வருடத்தில் அதன் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்ள எல்லோரும் பழகிவிட்டார்கள். நானும் பழகிவிட்டேன்.

வேலை போய்விட்டது என்று ஆம்பூருக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னா தப்பு பண்ணே?”

“ஒரு தப்பும் பண்லம்மா. என் வேலை வேலூருக்குப் போயிடுச்சி.”

“வேலூருக்கா?” அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப நீயும் கூடவே வந்துட வேண்டியதுதானே?”

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இந்த வாரம் முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்து அந்தப் பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதையே இங்கே எழுதுகிறேன். வழக்குகளில் வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2

தொண்ணூறுகளின் கடைசியில், கம்ப்யூட்டர் தெரிந்தவர்களையெல்லாம் அமெரிக்கா அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், என் கணவர் டென்வர் நகரத்துக்கு வந்தார். அவர் பின்னால் நான் வந்தேன். சில வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தேன். மகள் ரூத் பிறந்தாள். அனுமதி கிடைத்ததும், பி.காமும் டைப்ரைட்டிங் ஹையரும் வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

அது உடம்பில் அடிபட்டவர்களுக்காக மட்டும் வழக்குப் போடும் அலுவலகம். காரில் மோதப்பட்டவர்கள், நாய் கடித்தவர்கள், கடை வாசலில் பனி உறைந்து கிடக்க அதில் வழுக்கி விழுந்தவர்கள். டைப் அடித்த மனுக்களைக் கட்டாகக் கட்டி நீதிமன்றத்துக்கு எடுத்துப் போய், கவுண்டரில் கொடுத்து, சீல் வாங்கிக்கொண்டு வருவது என் வேலை.

கவுண்டரில் லிண்டா என்று ஒரு பெண்மணி இருந்தார். முதல் நாள் என் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எனக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொன்னபோது அப்பாவின் பெயரான தேவசகாயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் இங்கே நான் மிஸஸ் தேவசகாயம். அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் ஆம்பூர் வீட்டில் இருக்கும் அம்மாதான் திரும்பிப் பார்க்க வேண்டும். லிண்டாவுக்கு இதை விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, “சரி, ஜே” என்றார்.

ஆரம்பத்தில் அந்த மனுக்களை டைப் செய்யும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததற்குக் கடைக்காரன் மேல் வழக்கா? நாமாக இருந்தால் எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்து, புடவையைத் தட்டிக்கொண்டு நடந்திருப்போம்.

ஆம்பூரில் என் அப்பா ஷூ கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடங்களை எங்கள் பக்கம் ‘தோல் ஷாப்பு’ என்போம். எங்கள் சர்ச்சில் முன் வரிசையில் உட்காரும் ஒருவர், தோல் ஷாப்பில் வேலை செய்தவர், மீதமிருந்த மூன்று விரலால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரைப் பார்த்தே வளர்ந்தேன். அந்த விரல்கள் எங்கே போயின என்று நான் கேட்டதில்லை. யாரும் கேட்டு நான் பார்த்ததுமில்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருப்பதைப் போல அவருக்கு மூன்று விரல், அவ்வளவுதான்.

3

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் நீதிமன்றம் கம்ப்யூட்டருக்கு மாறியது. இனிமேல் யாரும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், மனுவை அவரவர் அலுவலகத்திலிருந்தே அனுப்பலாம் என்றார்கள். மனு ஒரு கோப்பு, மருத்துவச் சான்று ஒரு கோப்பு, புகைப்படங்கள் ஒரு கோப்பு என்று தனித்தனியாக ஏற்றி, ஒவ்வொன்றும் இன்ன வகை என்று தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்த வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஒரு மின்னஞ்சல் வரும். ஏற்காவிட்டாலும் மின்னஞ்சல்தான், ஒரே வரியில்.

முதல் தடவை பொத்தானை அழுத்திவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சீல் விழும் சத்தம் இல்லாமல் ஒரு வழக்கு தொடங்கிவிட்டது என்று நம்பவே முடியவில்லை. மதிய இடைவேளையில் நடந்துபோய் எட்டிப் பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் லிண்டா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். “உன் பெயரை தினமும் பார்க்கிறேன். உன்னைத்தான் பார்ப்பதில்லை” என்றார்.

இதில் ஒரு பயம் உண்டு. இங்கே அடிபட்டவர் குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். பெரும்பாலும் இரண்டு வருடம். கெடு முடிந்தால் வழக்கும் முடிந்தது. ஒருமுறை, பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு உடைந்த ஒரு கிழவியின் மனு கெடு முடியும் நாளன்று திரும்பி வந்துவிட்டது. பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். திருத்தி மறுபடி அனுப்பி, ‘ஏற்கப்பட்டது’ என்று வரும்வரை நான் நாற்காலியில் சாயவில்லை. அன்றோடு எனக்கு அந்தச் சிரிப்பு போய்விட்டது. திரையில் இருக்கிற இந்தக் கோப்புகளுக்குப் பின்னால் ஒரு கிழவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது மனதில் நின்றுவிட்டது.

சில வருடம் இப்படி ஓடியது. எங்கள் பெரிய வக்கீல் நல்ல மனிதர். கணக்குத் தெரிந்த மனிதரும்கூட. மனுவை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அனுப்பலாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் டென்வரில்தான் இருக்க வேண்டுமா என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. என்னைக் கூப்பிட்டார்.

“இந்தியாவில் ஒரு நிறுவனத்தோடு பேசியிருக்கிறோம். நீ அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ‘வெல்லோர்’ என்று ஒரு ஊர். கேள்விப்பட்டிருக்கிறாயா?”

“என் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்” என்றேன்.

“அப்படியா! எவ்வளவு நல்லதாகப் போயிற்று!” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், எதற்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார் என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

4

எங்கள் காலை அவர்களுக்கு மாலை. முதல் நாள் போனில் ஒரு பெண் குரல், கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில், “குட் ஈவினிங் மேம், ஐ ஆம் கெல்லி” என்றது. நான் ‘ஜே’ என்றேன். ஜேயும் கெல்லியும் ஒரு வாரம் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டோம். எந்தக் கோப்பு முதலில், எந்த வகை எதற்கு, எதனால் மனு திரும்பி வரும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் ‘யெஸ் மேம்’, ‘ஷ்யூர் மேம்’ என்றாள்.

ஒருநாள் கெல்லி போனின் சத்தத்தை அடைக்க மறந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “இன்னாடி இது, இந்தம்மா சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. ஒரே பேஜாரா கீது.”

“பேஜார்தான்” என்றேன் தமிழில். “எனுக்கும் மொதல்ல அப்பிடித்தான் இருந்துச்சி.”

“மேடம்... நீங்க தமிழா?”

“ஆம்பூரு.”

“ஐயோ! மன்னிச்சிடுங்க மேடம். நான் உங்கள சொல்லல மேடம்.”

“என்னத்தான் சொன்ன. பரவால்ல. உன் பேரு இன்னா? நெசமான பேரு.”

“கலைச்செல்வி மேடம். குடியாத்தம். கட்டிக் குடுத்தது பேரணாம்பட்டு.”

லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவள். என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவள். ஷூ கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். மறுநாளே மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

நான் அவளை வெறுக்கத் தயாராக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் நாற்காலியை எடுத்துப் போகப் போகிறவளுக்கு நானே அதன் கால்களைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும், இன்றைக்குக் கலை என்ன சொல்வாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்பாள். ஏலகிரிக்கு ஆபீஸில் டூர் போனதில் யாரோ வாந்தி எடுத்தது பற்றிச் சொல்வாள். என் வாயிலிருந்து ‘ஜாஸ்தி’, ‘கம்மி’, ‘இன்னாத்துக்கு’ எல்லாம் தானாக வந்து விழுந்தன. என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டில் நாங்கள் பேசுவது இருவருக்கும் பொதுவான, ஓரம் வெட்டிய தமிழ்.

5

ரூத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டுத் தமிழ் ஓரளவு புரியும், ஆனால் பேச மாட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சின்ன வயதில், “எனக்குப் பசிக்குது” என்பதை “நான் பசி” என்று சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு அவள் முயற்சி செய்யவே இல்லை. எங்கள் சிரிப்பில் கேலி எதுவும் இருந்ததில்லை. ஆனால் குழந்தைக்கு அது எப்படிக் கேட்டதோ, யாருக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கலையோடு பேசி முடித்துத் திரும்பினால், ரூத் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

“யாரோடு பேசினாய்?” என்றாள் ஆங்கிலத்தில்.

“ஆபீஸ் வேலை.”

“இல்லை. நீ சிரித்தாய். உன் குரல் வேறு மாதிரி இருந்தது. போனில் இருந்தது நீ மாதிரியே இல்லை.”

இதுதான் நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படியென்றால் இத்தனை வருடம் தன்னோடு பேசியது யார் என்று அவள் கேட்டிருப்பாள். பால் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

6

பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு வெட்டும் இயந்திரத்தில் விரல்களை இழந்த ஒருவரின் வழக்கு எங்களிடம் வந்தது. மனுவை ஏற்றும் வேலையைக் கலைக்கு அனுப்பியிருந்தேன். காலையில் அவள் போன் செய்தாள்.

“அக்கா, இதுல ஒரு பாரா தப்பா வந்துகீது. வேற கேஸ்ல இருந்து எடுத்து ஒட்டிட்டாங்க போல.”

“எந்தப் பாரா?”

“பையனோட ஏரியில மீன் புடிக்கப் போவ முடியலன்னு கீது அக்கா. வெரலு போனதுக்கும் மீனுக்கும் இன்னா சம்பந்தம்?”

“தப்பு இல்ல கலை. அதுவும் கேஸுதான். அடிபட்டதால ஒரு ஆளுக்கு வாழ்க்கையில எதெல்லாம் போச்சோ, அதெல்லாம் எழுதுவாங்க.”

“வெளையாட்டு கூடவா?”

“வெளையாட்டுந்தான்.”

கலை சாதாரணக் குரலில் சொன்னாள். “எங்க வூட்டுக்காரரு கேரம் ஆடுவாரு அக்கா. பேரணாம்பட்டுல அவர அடிச்சிக்க ஆளு கெடையாது.”

அப்படித்தான் எனக்கு முருகேசனைப் பற்றித் தெரிய வந்தது. தோல் ஷாப்பில், தோலிலிருந்து சதையைச் சுரண்டி எடுக்கும் மெஷினில் வேலை செய்தவர். வலது கை மெஷினுக்குள் போய், கட்டைவிரலும் உள்ளங்கையில் பாதியும்தான் மிஞ்சியது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டில் உட்காரும் வேலை கொடுத்தார். கொஞ்ச நாளில் புது மேனேஜர் வந்து, அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை என்றுவிட்டார். அதிலிருந்து முருகேசன் வீட்டில்தான். கையை ஒரு துண்டுக்குள் சுற்றி வைத்திருப்பாராம். கேரம் கிளப் இருக்கும் தெருப் பக்கமே போவதில்லையாம்.

“கேஸ் போடலயா?” என்றேன்.

“யாரு மேல அக்கா? எங்க கல்யாணத்துக்கே வந்த மொதலாளி.”

“எப்ப நடந்தது இது?”

சொன்னாள். மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“ரெண்டு வருஷம் தாண்டிடுச்சே கலை. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, அதை மிகுந்த உறுதியோடு சொன்னேன். அவள் ‘சரி அக்கா’ என்று மறுபடி வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆனால் விடவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வேலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் நேராகவே கேட்டிருக்கிறாள்.

“அக்கா, நீங்க சொன்ன ரெண்டு வருஷம் இங்கயும் கீது. ஆனா லேட்டானதுக்கு நாயமான காரணம் எழுதிக் குடுத்தா எடுத்துப்பாங்களாம். ஆஸ்பத்திரியில இருந்தது, வேல குடுக்கறேன்னு சொல்லி வச்சிருந்தது, எல்லாம் எழுதணுமாம்.”

டென்வர் சட்டத்தை உலகத்துச் சட்டமாக நினைத்துப் பேசியிருக்கிறேன். என் ஊரில் என்ன விதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

“ஆனா அவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு” என்றாள் கலை. “நீங்க ஒருவாட்டி பேசறீங்களா? வக்கீல் ஆபீஸ்ல கீறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

எங்கள் சனிக்கிழமை மாலை, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டிலிருந்து போன் செய்தேன். கலை ஸ்பீக்கரில் போட்டாள். முருகேசனின் குரல் நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தது.

“அக்கா, அவரு சோறு போட்டவரு. அவருக்கு எதிர்ல நின்னு எப்பிடி பேசறது? அதுவும் இல்லாம இவ கேரம் ஆடறதெல்லாம் எழுதணும்ங்கறா. ஆபீசர் சிரிக்க மாட்டாரா?”

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் வக்கீல்கள் முதலில் கேட்பது நினைவுக்கு வந்தது. யார் மேல் தப்பு என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அன்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் என்பார்கள்.

“கேஸு கெடக்கட்டும் முருகேசன். அன்னிக்கி காலையில இருந்து இன்னா நடந்துச்சி, சொல்லுங்க.”

“இன்னாத்துக்கு அக்கா?”

“சும்மா சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

அவர் மெதுவாக ஆரம்பித்தார். “கஞ்சி குடிச்சிட்டுப் போனேன். அன்னிக்கி ஒரே அவசரம். கன்டெய்னர் போவணும், சரக்கு ரெடியாவலன்னு கத்திக்கினு இருந்தாங்க. அந்த மெஷினுக்கு முன்னால ஒரு தடுப்புக் கம்பி இருக்கும் அக்கா. கை கிட்டப் போனா மெஷின் நின்னுடும். சும்மா சும்மா நிக்குது, வேல ஓடலன்னு மேஸ்திரி காலையிலயே ஃபிட்டரக் கூப்ட்டு அதக் கழட்டிட்டாரு. இன்னா மேஸ்திரி, கைக்கு ஆபத்தாச்சேன்னு கேட்டேன். இன்னிக்கி ஒருநாளு ஜாக்கிரதையா ஓட்டுடா, நாளைக்கி மாட்டிடலாம்னாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி, ஈரத் தோலு கொஞ்சம் சுருண்டுச்சி. நீவி விடப் போனேன்...”

கலையின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

“கம்பியக் கழட்டனாங்களா? இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“யாரு கேட்டாங்க?” என்றார் முருகேசன். “வந்தவங்க எல்லாரும், பாத்து வேல செய்யக் கூடாதாப்பான்னுதான் கேட்டாங்க. நீயுந்தான் கேட்ட.”

கலை அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. நான் குறுக்கிடவில்லை.

“எம்மேலதான் தப்புன்னே இருந்துட்டேன் அக்கா” என்றார் அவர். பிறகு, “மொதலாளிய எதிர்த்துக் கேக்கணும்னு எனக்கு இல்ல. ஆனா அந்தக் கம்பிய நான் கழட்டல. அத எங்கனா ஒரு எடத்துல எழுதிக்கணும்.”

7

மனு எழுதியது வேலூர் வக்கீல் ஒருவர். கம்பி கழன்ற கதையை எழுதினார், கலை கேட்ட கேரம் விஷயத்தை மட்டும் சேர்க்கவில்லை. “கேரமெல்லாம் இங்க செல்லாதும்மா. கை எவ்வளவு போச்சின்னு டாக்டர் எழுதணும், அவ்வளவுதான்” என்றுவிட்டார். முருகேசனுக்கு அதில் நிம்மதி. கலைக்குத்தான் வருத்தம்.

முதல் தடவை மனு திரும்பி வந்தது. ரேஷன் கார்டில் முருகேசன், சம்பளச் சீட்டில் முருகேஷ். அவள் இதைச் சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்த வாரம்தான் டென்வரில் எங்கள் மனு ஒன்றும் பெயர்ப் பிழைக்காகத் திரும்பி வந்து, கலைதான் அதைத் திருத்தி அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டருக்கும் வேலூர் குமாஸ்தாவுக்கும் இந்த விஷயத்தில் ஒரே புத்தி.

பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. முதலாளி தரப்பில் பதில் போட்டார்கள். முருகேசன் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்ட் ஆள். தடுப்புக் கம்பியைச் சீக்கிரம் வேலை முடிக்க வேண்டுமென்று அவனே கழற்றிவிட்டான். தொழிலாளி தானாகவே பாதுகாப்பை நீக்கியிருந்தால் நஷ்டஈடு கேட்க முடியாது என்று வக்கீல் விளக்கினாராம். அந்தப் பதிலைப் படித்துக் காட்டியபோது முருகேசன் எழுந்து வெளியே போய், இருட்டிய பிறகுதான் திரும்பி வந்திருக்கிறார்.

மாதக்கணக்கில் வாய்தா ஓடியது. இதற்கிடையே என் வேலை ஒவ்வொன்றாக வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் புது மனுக்கள், பிறகு பதில் மனுக்கள், கடைசியில் எல்லாமே. ஒருநாள் கலையே கேட்டாள்.

“அக்கா, உங்க வேலைய நான் எடுத்துக்கினேனா?”

“நீ எடுக்கல. அவங்க தூக்கிக் குடுத்தாங்க.”

“கோவம் இல்லியா?”

“இருந்துச்சி” என்றேன். “உன் மேல வைக்கலாம்னு பாத்தேன். முடியல.”

“நான் வேற வேல தேடட்டுமா அக்கா?” என்றாள். உண்மையாகவே கேட்டாள். அவள் வீட்டில் வரும் சம்பளம் அது ஒன்றுதான். நான் அவளைத் திட்டினேன்.

சாட்சி சொல்லும் நாளில் அவள் லீவு போட்டுவிட்டுக் கணவனோடு போனாள். மறுநாள் எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி முதலில் சாட்சி சொன்னாராம். முருகேசனே கம்பியைக் கழற்றியதாகச் சொன்னார். “கழட்ட ஸ்பேனர் யாரு கிட்ட இருக்கும்?” என்று விசாரித்த தொழிலாளர் துறை ஆபீசர் கேட்டார். “ஃபிட்டர் கிட்டங்க.” “ஃபிட்டர யாரு கூப்பிடுவாங்க?” மேஸ்திரி, ஞாபகம் இல்லை என்றார்.

அடுத்தது முருகேசன். “கையக் காட்டுப்பா” என்றார் ஆபீசர். துண்டை அவிழ்க்க நேரமாயிற்று. கலை உதவிக்கு எழுந்தாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் தானே இடது கையால் அவிழ்த்தார். ஊர்க்காரர்கள், முதலாளி, மேஸ்திரி, எல்லோரும் இருக்கிற அறையில் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு போனில் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். கஞ்சியிலிருந்து ஆரம்பித்தாராம். ஆபீசர் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது முதலாளி காரருகே நின்றுகொண்டிருந்தார். “சாப்ட்டியாடா முருகேசா?” என்றார்.

“சாப்ட்டேன் மொதலாளி.”

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். பஸ்ஸில் ஏறியதும் கலைக்குக் கோபம். “இன்னாத்துக்குப் பொய் சொன்ன?” என்று கேட்டிருக்கிறாள்.

“சாப்டலன்னா வா சாப்டலாம்னு கூப்புடுவாரு. வேணாம்னு எப்பிடி சொல்றது?” என்றாராம் முருகேசன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். துண்டு மடியில் கிடந்தது, கையைச் சுற்ற மறந்துவிட்டிருந்தார் என்றாள் கலை.

8

தீர்ப்பு வருவதற்குள் என் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இனி கலையோடு பேச எனக்கு ஆபீஸ் காரணம் எதுவும் இல்லை. அவள் என்னைக் கூப்பிடுவது அவள் கைக்காசில்தான் இருக்க வேண்டும். நான் கூப்பிடலாம், கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என் பழைய மேஜையில் உட்கார்ந்திருப்பவளிடம் என்ன கேட்பது என்று இந்த வாரம் முழுக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வேறு தினமும் போன் செய்து, எப்போது வருகிறாய் என்கிறார். என் வேலையை அனுப்பலாம், என்னை அனுப்ப முடியாது என்பதை ஆம்பூரில் இருக்கிறவருக்கு எப்படிப் புரியவைப்பது?

இன்று காலை துணி காயப்போடுவதற்கு என்று கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது ரூத் போன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு சின்னக் காகிதம்.

“உன் தோழி கூப்பிட்டார். கலை. எனக்குத் தமிழ் வராது என்று சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லு என்று மெதுவாகச் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்.”

ஆங்கில எழுத்தில் கேட்டபடியே எழுதியிருந்தாள். அதைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நாக்கு இடறி இடறிப் படித்தாள்.

“அவரு... சொன்னத... நம்பிட்டாங்க.”

சோபாவில் உட்கார்ந்தேன்.

“சரியாகப் படித்தேனா?” என்றாள் ரூத். “ஏன் அழுகிறாய்? என்ன அர்த்தம் இதற்கு?”

“சரியாத்தான் படிச்ச” என்றேன். “அவர் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.”

“யார் சொன்னதை?”

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஆங்கிலமும் தமிழுமாக, தோல் ஷாப்பு என்றால் என்ன, தடுப்புக் கம்பி என்றால் என்ன, ஒரு மனிதர் எதற்காக வருடக்கணக்கில் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டிருப்பார் என்று. கேரம் என்றால் என்ன என்பதைத்தான் அவளுக்கு விளக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து விரலால் சுண்டிக் காட்டினேன். அவளும் சுண்டிப் பார்த்தாள்.

“இனி அவரால் இடது கையால் ஆட முடியாதா?” என்று கேட்டாள்.

“தெரியாது” என்றேன். “கேட்க வேண்டும்.”

நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக நான் ஊருக்குப் போன் செய்தால் ரூத் தன் அறைக்குப் போய்விடுவாள். இன்று அவள் போகவில்லை. ஸ்பீக்கர் பொத்தானை அவளே அழுத்திவிட்டு, தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.